ஒரு பிஞ்சுத் தலைக்கு மூன்று வேண்டுதல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, குறுவை நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை பிடித்துக்கொண்டிருந்த நேரம். குடவாசல் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் வாடகைக் காரில் கிளம்பினோம். நான், வளைகுடா வேலையிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் கணவர், அவருடைய அக்கா, எங்கள் ஒன்றரை வயது மகள். முதலில் வைத்தீஸ்வரன்கோயில், அடுத்து நாகூர் தர்கா, கடைசியில் வேளாங்கண்ணி. எங்கள் பக்கத்தில் இப்படி மூன்றையும் ஒரே நாளில் சுற்றி வருகிறவர்கள் ஏராளம். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நாங்கள் போன காரணம்தான் வேடிக்கையானது. வேடிக்கை என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒரே பயம்.

மகள் பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்துவிட்டது. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாதும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நான் பித்துப் பிடித்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இன்னொரு குழந்தையின் அம்மா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வேளாங்கண்ணி ஞாபகம் வந்தது. மாதாவே, என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துடு, அவளோட முதல் முடியை உன் வாசல்ல வந்து இறக்குறேன் என்று வேண்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற நிலையில் இல்லை.

பிள்ளை பிழைத்தாள். வீட்டுக்கு வந்து, உடம்பு தேறி, சோற்றை வாரி இறைக்கிற அளவுக்குத் தெம்பு வந்த பிறகு ஒருநாள் சாவகாசமாக வேண்டுதல் விஷயத்தைச் சொன்னேன். அவ்வளவுதான், கணவரின் அக்கா முகம் மாறிவிட்டது. அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவர். மாமியார் இல்லாத வீடு என்பதால் என் மகளுக்குத் தலைக்கு ஊற்றி, சாம்பிராணி போடுவதெல்லாம் அவர்தான். அவரும் அதே நாளில் மஞ்சள் துணியில் காசு முடிந்து, பிள்ளையின் முதல் முடி வைத்தீஸ்வரன்கோயிலுக்கு என்று வேண்டியிருக்கிறார். எங்கள் குலதெய்வம் அதுதான்.

"முதல் மொட்டை குலதெய்வத்துக்குடி. அதைத் தூக்கி வேற எடத்துக்குக் கொடுக்கறதுக்கு நீ யாரு?" என்று பிடித்துக்கொண்டார்.

பஞ்சாயத்துக்குக் கணவருக்கு வீடியோ கால் போட்டால், அவர் தலையைச் சொறிகிறார். லீவு கிடைக்காமல் அங்கே அறையில் உட்கார்ந்து அழுதவர், உடன் தங்கியிருந்த நாகூர் நண்பர் சொன்னதைக் கேட்டு, பிள்ளை முடியை நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்திருக்கிறார்! இருப்பது ஒரு தலை. அதுவும் அப்போதுதான் சுருள் சுருளாக முடி வளர்கிற பிஞ்சுத் தலை. அதை மூன்று பேரும் ஆளுக்கோர் இடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

"மூணு எடத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா எறக்கிடலாம்க்கா" என்று கணவர் ஒரு வழி சொன்னார்.

"பங்கு போட்டா கொடுப்பாங்க? இது என்ன வயலாடா, நடுவுல வரப்பு வெட்டிப் பிரிக்க?" என்றார் அண்ணி. முழு மொட்டை என்று வேண்டியாயிற்று, ஒரு கொத்து மட்டும் கொடுக்கிற பூமுடியெல்லாம் செல்லாது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அதன் பிறகு பட்ட பாடு கொஞ்சமில்லை. குழந்தை தும்மினால் போதும், எந்தச் சாமியைக் காக்க வைத்ததால் இது என்று ஆளுக்கொரு பக்கம் அரண்டுபோவோம். லேசாக உடம்பு சுட்டால் நான் வேளாங்கண்ணி திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அண்ணி மஞ்சள் துணி முடிச்சைத் தொட்டுப் பார்ப்பார். படித்தவள்தான் நான், மருந்தால் பிழைத்தாள் என்று தெரியாதா? தெரியும். ஆனால் அந்த வாசலில் உட்கார்ந்து கேட்டது நான்தானே, கொடுத்த வாக்கை எப்படி மறப்பது?

கடைசியில் கணவர் விடுமுறையில் வந்ததும் முடிவு செய்தார். முடி குலதெய்வத்துக்கு. மற்ற இரண்டு இடத்திலும் போய் மன்னிப்புக் கேட்டுவிடுவது. நானும் சரி என்று தலையாட்டினேன். மனசு மட்டும் ஆடவே இல்லை.

வைத்தீஸ்வரன்கோயிலில் அண்ணி பறந்தார். குளத்தில் வெல்லம் கரைத்தார், அர்ச்சனைக்கு ஓடினார், தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும் என்று நேரே அங்கே வந்து சேர்ந்திருந்த என் அண்ணனை விரட்டினார். மகள் ஊரையே கூட்டுகிற மாதிரி அழுதாள். சுருள் முடி இறங்க இறங்க எனக்கு அழுகை முட்டியது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி அண்ணி என் கையில் கொடுத்தபோது, அந்தச் சின்ன உச்சந்தலையில் இனிமேல் மற்ற இருவருக்கும் கொடுக்க ஒரு முடிகூட இல்லையே என்றுதான் தோன்றியது. தையல்நாயகி சன்னதியில் கண்ணை மூடினால் வேண்டுதலே வரவில்லை, பயம்தான் வந்தது.

அங்கிருந்தே என் அண்ணன் ஊருக்குத் திரும்பிவிட்டான். நாங்கள் நாகூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் கொளுத்தியது. தர்கா வாசலில் கணவருடைய நண்பரின் மனைவி, கையில் சாப்பாட்டுக் கூடையோடு காத்திருந்தார். என்னைவிட இளையவர். அதுவரை நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை. என் மகளைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து வாங்கிக்கொண்டார். மொட்டைத் தலையை முகர்ந்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆஸ்பத்திரில இருந்தப்ப இவ போட்டோவ எங்க வீட்டுக்காரர் அனுப்பினார்க்கா. அன்னையிலேர்ந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் இங்க வந்து இவளுக்காக துஆ கேக்குறேன்" என்றார்.

நாங்கள் இருக்கிற ஊர் எது என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது. என் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு மாதக்கணக்கில் ஆகிவிட்டது. நாங்கள் யாருக்கு முதல் முடி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த வியாழக்கிழமைகளில் எல்லாம், இங்கே ஒரு பெண் விளக்கு முன்னால் நின்று என் பிள்ளைக்காகக் கையேந்திக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வெள்ளை மினாராக்களை நிமிர்ந்து பார்த்தேன்.

முடி விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் சிரித்தார். "நேந்துக்கிட்டவர் தலையிலதான் கருகருன்னு இருக்கே, அதக் கொடுக்கச் சொல்லுங்கக்கா. நிய்யத்து, மனசுல நெனச்சதுதான் முக்கியம்."

கணவர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். தலையோடு மீசையும் போனது. சந்தனம் பூசிக்கொண்டு அவர் திரும்பி வந்ததும், எங்களுக்கெல்லாம் சிரிப்பு. மகளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பிறந்ததிலிருந்து போனில் மட்டுமே பார்த்த அப்பா. நேரில் வந்த பிறகு அவரிடம் ஒட்டிக்கொள்ளவே பல நாள் ஆகியிருந்தது. இப்போது யாரோ ஒரு புது ஆள் கை நீட்டுகிறார் என்று அலறினாள் பாருங்கள், என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கார் நாகப்பட்டினம் தாண்டும் வரை விடவில்லை. கணவர் முன் சீட்டில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவம்.

எனக்கு மட்டும் வழி தெரிந்துவிட்டது. வேண்டியவர் தலை என்றால், மாதாவிடம் வேண்டியது நான். யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் தயாராகிவிட்டேன்.

வேளாங்கண்ணியில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கடல் காற்று வீசியது. வேண்டுதலுக்காக மணலில் முழங்காலால் நகர்ந்து போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மொட்டை போடும் இடத்துக்குப் போய்க் குழந்தையைக் கணவரிடம் நீட்டினேன். அவள் வீறிட்டாள். சரி என்று அண்ணியிடம் நீட்டிவிட்டு என் பின்னலை அவிழ்த்தேன்.

"என்னடி பண்ற?" என்றார் அண்ணி.

"நான் எறக்கிடறேன் அண்ணி. நான்தானே வேண்டிக்கிட்டேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். அழுது வீங்கியிருந்த குழந்தையின் முகத்தைப் பார்த்தார். மொட்டையும் கூச்சமுமாக நின்ற தம்பியைப் பார்த்தார்.

"அறிவு இருக்கா ஒனக்கு? அப்பன அடையாளம் தெரியாம புள்ள மிரண்டு போயிக் கெடக்கு. ஒன்னையும் தெரியலேன்னா அது யாருகிட்டடி போகும்?" என்று குழந்தையை என் இடுப்பில் திருப்பி வைத்தார். அப்படியே தன் கொண்டையில் கை வைத்தார்.

அண்ணியின் முடியைப் பற்றிச் சொல்லவேண்டும். இடுப்புக்குக் கீழே தொங்கும். ஐம்பதை நெருங்கியும் கருப்பு மங்காத கூந்தல். கண் படும் என்று எப்போதும் கொண்டைதான். சிக்கெடுக்கக்கூட யாரையும் தொட விடமாட்டார். என் முடிக்கு அவர் வைத்திருந்த பெயர் எலிவால். கல்யாணமான நாளிலிருந்து அதைச் சொல்லியே என்னைப் படுத்தி எடுத்திருக்கிறார்.

அந்தக் கொண்டையை அவிழ்த்து விட்டார். அங்கே வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அய்யோ, வேணாம் அண்ணி!" என்று கையைப் பிடித்தேன். கணவர் பதறி, "அத்தான் என்ன சொல்வாரோக்கா" என்றார்.

"அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ சும்மா இரு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒன் எலிவால வெச்சிக்கிட்டு மாதா என்னடி பண்ணப் போறாங்க? புள்ள உசுரு கொடுத்தவங்களுக்குக் கொஞ்சம் கனமாத்தான் கொடுப்போமே" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

குலதெய்வத்துக்கு முன்னால் வேறு எதுவும் இல்லை என்று சண்டை போட்டவர். நான் கொடுத்த வாக்குக்குத் தன் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தார். முடி மடியில் விழுந்து, தரையில் வழிந்து குவிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. எனக்கு அழுகை நிற்கவே இல்லை. இந்த மனுஷியையா இத்தனை நாள் கல் நெஞ்சுக்காரி என்று நினைத்திருந்தேன்?

குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு வந்தவர் எங்களிடமிருந்து கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டார். எதற்கும் தயங்காத அண்ணி அன்றைக்குத்தான் தயங்கி நான் பார்த்தேன். பிள்ளை தன்னைப் பார்த்து அழுதுவிடுமோ என்ற பயம். அங்கே நின்றபடியே, தினமும் தலைக்கு ஊற்றும்போது கூப்பிடுகிற மாதிரி, "ஏ கருப்பீ" என்று மெதுவாகக் கூப்பிட்டார்.

மகள் திரும்பினாள். உற்று உற்றுப் பார்த்தாள். மறுபடி ஒரு "கருப்பீ". என் இடுப்பிலிருந்து நழுவி இறங்கித் தத்தித் தத்தி ஓடினாள். அண்ணி தூக்கிக்கொண்டதும், அந்தத் தலையில் கை வைத்துத் தடவினாள். பிறகு தன் தலையைத் தடவினாள். கெக்கெக்கே என்று ஒரு சிரிப்பு! அந்தச் சிரிப்போடேயே அப்பா பக்கம் கையை நீட்டி, அவர் தலையையும் ஒரு தட்டுத் தட்டினாள். கணவர் தேம்பித் தேம்பி அழுதுவிட்டார்.

மூன்று பேரும் எனக்கு முன்னால் கோயிலுக்குள் நடந்தார்கள். மூன்று தலையிலும் சந்தனம். ஒன்று வைத்தீஸ்வரன்கோயிலில் பூசியது, ஒன்று நாகூரில், ஒன்று இங்கே. பின்னாலிருந்து பார்த்தால் எது எந்த ஊர்ச் சந்தனம் என்று சொல்ல முடியாது. வாசனையும் ஒன்றுதான். உள்ளே காவி கட்டி நடந்தே வந்தவர்கள் நின்றார்கள், குங்குமம் வைத்தவர்கள் நின்றார்கள், பர்தா போட்ட ஒரு பெண் மெழுகுவர்த்தியோடு நின்றார். எல்லோரும் யாரோ ஒருவருடைய உயிருக்காக வந்தவர்கள் என்று அப்போது தோன்றியது. அத்தனை பெரிய கூட்டத்தில் எனக்குக் கை தானாகக் குவிந்தது. மாதங்களாக இருந்த பயம் எப்போது போனது என்றே தெரியவில்லை.

மகளுக்கு இப்போது மூன்றரை வயது. அண்ணிக்கு முடி தோளைத் தொட்டுவிட்டது. "எலிவால்" என்று நான் கேலி செய்தால் அடிக்க வருவார். ஆனால் யாரையும் தொட விடாத அந்தத் தலைக்கு வெள்ளிக்கிழமைகளில் என்னைத்தான் கூப்பிட்டுப் பூ வைத்துவிடச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் மூன்று சன்னதிகளிலும் ஒரே நேரத்தில் நின்று சாத்துகிற மாதிரிதான் அந்தப் பூவை வைக்கிறேன்.