தொட்டிக்குள் இருந்தவர்கள்

தொட்டிக்காரருக்கு மூக்கு செத்து வெகுநாளாகிவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்துக்கும் கீழே, கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம் அவர் பொறுப்பு. குளியலறை, கழிப்பறை, சமையலறை என்று மேலே எங்கே எது ஓடினாலும் கடைசியில் அவரிடம்தான் வந்து சேர வேண்டும். தெளிந்த தண்ணீர் தோட்டத்துக்குப் பாயும்.

சுத்தம் செய்வது தானில்லை என்பார். தொட்டி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னும். கொஞ்சம் பெரியவை அவற்றைத் தின்னும். அந்தப் பெரியவற்றைத் தின்னவும் ஆள் உண்டு. ஓயாத பந்தி. அடியிலிருந்து காற்றை ஊதி எல்லோரையும் மூச்சுவிட வைப்பது மட்டும்தான் இவர் வேலை. பழைய மைக்ரோஸ்கோப் ஒன்றை வாங்கி வைத்து, தினமும் ஒரு சொட்டுத் தண்ணீரில் அவர்களை நலம் விசாரித்துவிட்டுத்தான் டீ குடிப்பார். மேலே யாராவது ஆசிட் ஊற்றித் தரை கழுவினால் போச்சு, மனிதர் படியேறிப் போய் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்.

"நம்ம ஆளுங்களைக் கொல்லப் பாக்குறீங்களே!"

அப்படிப்பட்டவர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

அவர் மனைவி தையல் கடையில் வேலை பார்ப்பவள். மகள் கல்லூரிக்குப் போகும் வயதாகியும், கணவர் வேலை செய்யும் இடத்தை அவள் பார்த்ததில்லை. ஒருநாள் சாப்பாடு போடும்போது சொன்னாள்: "நாளைக்கு எனக்கு லீவு. உங்க தொட்டியை வந்து பாக்கப் போறேன்."

"அங்க என்ன இருக்கு பாக்க?"

"அதைத்தான் பாக்க வரேன்."

இத்தனை வருடமும் அவர் அங்கேயே தேய்த்துக் குளித்து, வேறு சட்டை மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். அவள் மூக்கைப் பொத்தினால்? அதைப் பார்த்த பிறகு, அவள் போடும் சோறு எப்படி உள்ளே இறங்கும்? மறுநாள் வந்ததும் வராததுமாக வாட்ச்மேனைப் பிடித்தார்.

"இங்க நாத்தம் அடிக்குதாண்ணே?"

"பின்ன, சென்ட்டா மணக்கும்?"

உண்மையில் நாற்றம் தொட்டியில் இல்லை. நல்ல தொட்டியில் ஈர மண் வாசனைதான் வரும். கழிவு வந்து விழும் வாசலில் குப்பையைத் தடுக்கும் கம்பி வலை இருக்கிறது. அதில் சிக்கி அழுகுவதை வழித்துப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். செத்த மூக்குக்கு அது எங்கே தெரியப் போகிறது? ஸ்டோர் ரூமிலிருந்த ஃபினாயில் கேன்களைத் தூக்கிவந்தார். புத்தி வேண்டாம் என்றது, கை கேட்கவில்லை. கொஞ்சம் போதும் என்று ஆரம்பித்தவர் எல்லாவற்றையும் தொட்டியில் கவிழ்த்துவிட்டார்.

மாலையில் அவள் வந்தபோது, காபி நிறத்தில் இருக்க வேண்டிய தொட்டி வெளிறிக் கிடந்தது. வெள்ளை நுரை விளிம்பு தாண்டி வழிந்தது. தின்ன ஆளில்லாத கழிவு அப்படியே தேங்கி, ஃபினாயிலையும் மீறிக் குடலைப் புரட்டியது. அவர் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தார். சொட்டில் ஒன்றும் அசையவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"செத்துப் போச்சு. எல்லாமே."

"யாரு பண்ணது?"

மாடி வீட்டுக்காரர்கள் மேல் பழி போட வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"நான்தான். நீ வரேன்னு சொன்னியே..."

அவள் மூக்கைப் பொத்தவில்லை. முகம்தான் சிவந்தது. "இத்தனை வருஷம் உங்க பக்கத்துலதானே தூங்குறேன்? எனக்கு மட்டும் மூக்கு இல்லையா? என்னை இவ்வளவுதான் புரிஞ்சு வெச்சிருக்கீங்க" என்றாள். இரண்டு அறை விட்டிருந்தாலும் அவருக்கு இப்படி வலித்திருக்காது.

குடியிருப்பின் மேனேஜர் கத்தித் தீர்த்தார். கழிவை லாரியில் வெளியேற்ற ஏற்பாடு செய்துவிட்டு, ஒரு வாரத்தில் தொட்டி சரியாகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

செத்த தண்ணீரை இறைத்துக் கொட்டினார்கள். வேறொரு குடியிருப்பின் நிலையத்திலிருந்து உயிருள்ள சேற்றைப் பீப்பாய்களில் ஏற்றிவந்தார். கூடவே அவளும் வந்தாள். பேச்சு மட்டும் இல்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் பீப்பாய் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் தொட்டியில் ஊற்றிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இதுங்களுக்கு என்ன குடுக்கணும்?"

"கழிவைத்தான். கொஞ்சம் கொஞ்சமா."

"தின்னுத் தின்னு பெருகினா தொட்டி ரொம்பிடாதா?"

"தின்னதுல பெரும்பங்கு மூச்சாவும் சூடாவும் போயிடும். உடம்புல நிக்கிறது கொஞ்சம்தான். அதனால சின்னதுங்களைத் தின்னுற பெருசு கம்மி, அதைத் தின்னுறது இன்னும் கம்மி. மேல போகப் போக ஆள் குறையும்."

"நாம சாப்பிட்டதோட மிச்சம்தானே இது? அப்ப பயிர் குடிச்ச வெயில் இங்க வரைக்கும் வருதா?"

"வருது. கடைசிச் சூடு போற வரைக்கும் யாராவது தின்னுக்கிட்டேதான் இருப்பாங்க."



தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்த ஃபினாயில் புதிதாக வந்தவர்களிலும் பாதிப் பேரைக் கொன்றது. தினமும் சொட்டைப் பார்ப்பதும் தலையில் கை வைப்பதுமாக நாட்கள் போயின. டீ இறங்கவில்லை. மேனேஜர் புது ஆளை வரச்சொல்லியிருந்த அன்று காலை, சொட்டுக்குள் மெல்லிய காம்பின் மேல் சின்ன மணி போல ஓர் உயிர் நின்றுகொண்டிருந்தது. சட்டென்று சுருங்கியது. நிமிர்ந்தது. தண்ணீரைச் சுழற்றி எதையோ இழுத்துத் தின்றது. இது தின்கிறதென்றால், இதற்குக் கீழே இருப்பவர்கள் பிழைத்துப் பெருகிவிட்டார்கள்.

தையல் கடைக்கு போன் போட்டார். அவள் எடுத்தாள். இவருக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பக்கம் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"உயிர் வந்துடுச்சாங்க?"

"ம்."

"அழறீங்களா?"

"ம்."

"சரி, அழுங்க. மத்தியானம் வரேன். நான் வரேன்னு மறுபடியும் எதையாவது ஊத்தித் தொலைச்சிடாதீங்க."