ரயிலுக்கு ஓர் அறை

எங்கள் வீட்டில் சுத்தமான காற்று இருக்கிற அறை ஒன்றே ஒன்றுதான். சில வருடங்கள் அதில் ஒரு ரயில் குடியிருந்தது. நாங்கள் இருவரும் வெளியே இருந்தோம்.

மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பிய கையோடு அவள் அறைக்குள் பிளைவுட் பலகைகள் வந்து இறங்கின. வாசலில் கட்டிய வாழைமரம்கூட அப்போது வாடவில்லை. என் கணவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் எலக்ட்ரீஷியன். காலமெல்லாம் ராட்சச மோட்டார்களோடு மல்லுக்கட்டியவருக்குக் கட்டைவிரல் அளவு மோட்டார் மேல் ஆசை வந்துவிட்டது. பொம்மை ரயில் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். மாடல் என்றுதான் சொல்ல வேண்டும். இரும்பு ஆங்கிளில் கால் அடித்து, அறையில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு ஒரு மேடை எழும்பியது. அதன்மேல் தண்டவாளம் பெரிய வட்டமாக ஓடியது. தெர்மாகோலை அறுத்து மலை செய்தார், மலையைக் குடைந்து சுரங்கம் செய்தார், மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புல் என்றார். என்னையும் விடவில்லை. காய்ந்த துளசிக் குச்சிகளில் சாயம் போட்ட பஞ்சை ஒட்டி மரம் செய்வது என் வேலை. பகலில் பள்ளியில் தமிழ்ப்பாடம் எடுத்துவிட்டு, மாலையில் வந்து காடு வளர்த்தேன்.

மலை இருந்தது, காடு இருந்தது, ஒரு குட்டி ஸ்டேஷன்கூட இருந்தது. புகைபோக்கி மட்டும் ஒன்றுகூட இல்லை. இதில் நம்ம ஊர் எங்கே என்று கேட்டேன்.

"நம்ம ஊருதான் வெளிய கீதே," என்றார். "உள்ள வேற இன்னாத்துக்கு?"

ஊர் வெளியிலேயே நின்றுவிடுமா என்ன? எங்கள் தெருவுக்குப் பின்னால் வரிசையாக உருக்கு உலைகள். காலையில் போட்ட கோலம் மதியத்துக்குள் கருத்துவிடும். கொடியில் காயும் துணி, மூட மறந்த தயிர், எதிலும் ஒரு கருப்புத் தூள் படிந்திருக்கும். தெருவில் எல்லோருக்கும் பழகிவிட்டது, எங்களுக்கும்தான். ரயிலுக்குத்தான் கடைசிவரை பழகவில்லை.

இந்த ரயிலுக்குக் கரண்ட் தண்டவாளம் வழியாகத்தான் போகிறது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் தூசி உட்கார்ந்தால் இன்ஜின் திக்கித் திக்கி நின்றுவிடும். அவர் வெள்ளைத் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து வட்டம் முழுக்கத் துடைப்பார். துணி கரித்துணியாகிவிடும். மறுநாள் மறுபடியும் நிற்கும். இதற்கு யானையைக் கட்டித் தீனி போட்டிருக்கலாம் என்று நான் சொல்வேன்.

ஒருநாள் எவ்வளவு துடைத்தும் இன்ஜின் நகரவில்லை. பிரித்துப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். மோட்டாருக்குள் இருந்த காந்தத்தில் கம்பளிப்பூச்சி போலக் கருப்பாக ஏதோ அடர்ந்திருந்தது. முடியா என்று கேட்டேன். முடி இல்லை, இரும்பு என்றார். காற்றில் மிதக்கும் இரும்புத்தூளைக் காந்தம் இழுத்து இழுத்துப் பூசிக்கொண்டிருக்கிறது. கோளாறைக் கண்டுபிடித்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம். நான் பக்கத்தில் நின்று முந்தானையை வாயில் வைத்து இருமிக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அதன்பிறகு அறைக்கு வந்த யோகத்தைப் பார்க்க வேண்டும். ஜன்னலைச் சிலிக்கான் வைத்து அடைத்தார். கதவு இடுக்கெல்லாம் ரப்பர் பட்டை. ஏசி வந்தது, காற்றை வடிகட்டும் மெஷின் ஒன்றும் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஏசி கேட்டுக்கொண்டிருந்தவள் நான், வாங்கிக்கொண்டது ரயில். ஐசியு என்று போர்டு மாட்டிவிடலாமா என்று கேட்டேன். அவரும் சிரித்தார். ரயில் வழுக்கிக்கொண்டு ஓடியது.

என் இருமலுக்கு முதலில் சாக்பீஸ் தூள்தான் காரணம் என்று இருந்தோம். அப்புறம் பனி, அப்புறம் குளிர்ந்த தண்ணீர். ஆடி மாதம் பெரியபாளையம் போனபோது, அம்மனைச் சுற்றி வருகையில் பாதியில் மூச்சு முட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தோள் ஏறி இறங்குகிறது, கண் செருகுகிறது. வேப்பஞ்சேலை கட்டிப் போய்க்கொண்டிருந்த கூட்டம் எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டது. கையெடுத்துக் கும்பிட்டு வழிவிட்டார்கள். ஒரு அம்மாள் என் காலில் விழுந்து, தன் மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று கேட்டாள். இன்னொருத்தி முகத்துக்கு நேரே கற்பூரம் காட்டினாள். அந்தப் புகையில் இன்னும் இருமினேன்.

வகுப்பிலும் அதே கதை. ஒரு செய்யுளை வாசித்து முடிக்க மூச்சு போதவில்லை. அடிக்கு நடுவில் நின்று நின்று வாசித்தேன். பிள்ளைகள் அதுதான் முறை போலிருக்கிறது என்று, அதே இடங்களில் நிறுத்தி நிறுத்தி என் பின்னால் சொன்னார்கள். அன்றைக்குத்தான் நான் பயந்தேன்.

சென்னையில் பார்த்த டாக்டர் குழாயில் ஊதச் சொன்னார், ஸ்கேன் எடுத்தார், வீடு எங்கே என்று கேட்டார். சொன்னேன். கெட்டுப்போன நுரையீரல் இனி திரும்பாது, மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்றால் ஊரை மாற்றுங்கள், முடியாவிட்டால் தூசி புகாத மூடிய அறையில் இருங்கள் என்றார். மூடிய அறை இருக்கிறது டாக்டர், அதில்தான் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று வாய்வரை வந்துவிட்டது. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரை மாற்றுவது சொல்லச் சுலபம். அவர் ரிட்டயராக இன்னும் சில வருடம் இருக்கிறது. மில் சம்பளமும் வேண்டும், நல்ல காற்றும் வேண்டும் என்றால் கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை கதைதான். நான் கேட்ட டிரான்ஸ்பர் இன்றுவரை வரவில்லை. மகள் கூப்பிட்டாள். அவளே மாமனார் மாமியாரோடு இரண்டு அறையில் நெருக்கிக்கொண்டு இருப்பவள். கடைசியில், ரயில் மேடைக்கு அடியில் பாய் விரித்தேன். முதல் நாளே இருமாமல் தூங்கினேன்.

ஆனால் என் சேலையோடும் தலைமுடியோடும் தூசி உள்ளே வந்தது. ரயில் மறுபடி நிற்க ஆரம்பித்தது. கதவருகே ஒரு ஈரச்சாக்கு வந்தது. பிறகு மாற்று நைட்டி மாட்ட ஓர் ஆணி வந்தது. சாவு வீட்டுக்குப் போய் வந்தவள் போலக் காலைக் கழுவி, துணி மாற்றி உள்ளே போனேன். ஒரு சாயங்காலம், நின்றுபோன இன்ஜினைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் தணிந்த குரலில்தான் சொன்னார்.

"உள்ள வர்றதுக்கு முன்னாடி தலையும் தொடச்சிக்கினு வா. உன்னாலதான் நிக்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்துவதற்கு மூச்சு இல்லை. அதனால் மெதுவாகத்தான் கேட்டேன்.

"ரயிலு நின்னா தொடச்சிட்டு ஓட்டிக்கலாங்க. எனக்கு நின்னா இன்னா பண்ணுவீங்க?"

அவர் இன்ஜினைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த வார லீவு நாளில் ரம்பம் எடுத்தார். மலையை நடுவாக்கில் அறுத்தார், காட்டை அறுத்தார். நான் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுதாரா என்று தெரியாது. வெளியே வந்தபோது முகமெல்லாம் தெர்மாகோல் ஒட்டியிருந்தது. மகளின் பழைய கட்டில் மறுபடி அறைக்கு வந்தது. சுவரோரமாக ஒரு பலகை மட்டும் மிச்சம், ஸ்டேஷனிலிருந்து சுரங்கம் வரைக்கும். இனி ரயில் சுற்றாது. போகும், அதே வழியில் பின்னோக்கி வரும்.

இனி இருவரும் அங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரே ஒரு முறை படுத்தார். மில்லிலிருந்து வந்து, சோப்பு தேய்த்துக் குளித்து, மறுபடியும் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் படுத்தார். காலையில் தலையணை உறை கருத்திருந்தது. நான் அன்று பொழுதெல்லாம் இருமினேன். காதுமடலில், நகக்கண்ணில், மயிர்க்காலில் என்று மில் அவரோடு வீட்டுக்கு வருகிறது. எந்த சோப்புக்கும் அது போகாது. அதற்குப் பிறகு அவர் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. கதவைச் சதுரமாக வெட்டி ஒரு கண்ணாடி பொருத்தினார். தண்டவாளம் துடைக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

இப்போது வேலை விட்டு வந்ததும் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். நான் கட்டிலில் உட்கார்ந்து ரயிலை ஓட்டுகிறேன். அவர் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார். கொஞ்ச நாளாக அவர் தோள் குலுங்குகிறது. முதலில் சிரிக்கிறார் என்று நினைத்தேன். ரப்பர் அடித்த கதவு, சத்தம் உள்ளே வராது. பிறகுதான் புரிந்தது, இருமுகிறார். டாக்டரிடம் போகலாம் என்று எத்தனை சொல்லியும் ரிட்டயர் ஆகட்டும் என்கிறார்.

நேற்று கதவை லேசாகத் திறந்து, மிச்சப் பலகையையும் அறுத்துவிடலாம், இன்னொரு கட்டில் போடலாம், மில்லை விட்டுவிட்டு உள்ளே வாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் வெளியிலிருந்தே கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"நான் உள்ள வந்தா உனக்குத்தான் பேஜாரு," என்றார். "கதவ மூடிக்கினு ரயில வுடு."

மூடினேன். ரயிலை விட்டேன். அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, பயம்தான் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. நிறுத்தினால் ஆட்டம் முடிந்தது என்று எழுந்து போய்விடுவார். அதனால் நான் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.