எவர்சில்வருக்கு வாரிசு தேடினேன்

அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் தெருவில் இருந்த ஒரு தமிழ் அம்மாள் சென்ற வருடம் காலமானார். காரியமெல்லாம் முடிந்ததும் அவருடைய பிள்ளைகள் டிரைவ்வேயில் டம்ப்ஸ்டர் என்கிற பெரிய குப்பைத் தொட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வாக்கிங் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். தாம்பாளம், இட்லிப் பானை, தூக்கு எல்லாம் ஒரு பழைய மெத்தைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. தாம்பாளத்தின் விளிம்பில் அந்த அம்மாளின் பெயர் வெட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேரே பேஸ்மென்டுக்கு இறங்கினேன். இத்தனை வருடமாகச் சென்னைக்குப் போகும்போதெல்லாம் புடவைக்குள் சுற்றி நான் பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்த எவர்சில்வர் ராஜ்ஜியம் அங்கேதான் இருக்கிறது. என் கணவர் அந்தப் பக்கம் போகவே பயப்படுவார், ஒன்றைத் தொட்டால் ஒன்பது உருளும். எல்லாவற்றிலும் என் பெயர். கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பெரிய எழுத்தில் வெட்டச் சொன்னவள் நான்.

ஜெர்சி சிட்டியில் தனியாக இருக்கும் என் ஒரே மகளுக்கு போன் போட்டேன்.

"எனக்கப்புறம் இந்தப் பாத்திரமெல்லாம் உனக்குத்தான்."

"நோ தேங்க்ஸ் அம்மா. ஐ ஹேவ் எ பாட்."

"ஒரே ஒரு பாத்திரத்தை வச்சுக்கிட்டு எப்படிடி குடும்பம் நடத்துவ?"

"இட் ஹேஸ் எ லிட், அம்மா."

மூடி இருக்கிறதாம்! இதற்குமேல் பெற்றவள் என்ன பேசுவது? உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் நாலு நல்ல வீட்டில் சேர்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். யார் அடுப்பில் வேகிறதோ வேகட்டும், குப்பைக்கு மட்டும் போகக்கூடாது. "தாராளமா குடு, நான் டிரைவ் பண்றேன்" என்றார் கணவர். எனக்காக அவர் அத்தனை உற்சாகமாகக் கார் சாவியை எடுத்து நான் பார்த்ததே இல்லை.

ஆனால் வெறும் பாத்திரத்தை யாராவது இன்னொருவர் வீட்டுக்குக் கொடுப்பார்களா? ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ரவா லாடு, கொஞ்சம் ஓமப்பொடி என்று போட்டேன். நான் செய்த தப்பு அதுதான். "பாத்திரமும் உங்களுக்குத்தான், திருப்பித் தர வேணாம்" என்று வாசலில் நின்று தெளிவாகத்தான் சொன்னேன். எல்லோரும் சிரித்தபடி தலையை ஆட்டினார்கள்.

இரண்டே நாளில் பெல் அடித்தது. பக்கத்துத் தெரு சிநேகிதி, கையில் என் தூக்கு.

"உங்க பேர் போட்ட பாத்திரத்தை நான் எப்படிங்க வச்சுக்கறது? காலியா குடுக்கக்கூடாதுன்னு புளியோதரை போட்டிருக்கேன்."

அதன்பிறகு வரிசைகட்டி வந்தன. சம்படத்தில் முறுக்கு, அடுக்கில் பிசிபேளாபாத், சர்ச்சுக்குப் போகும் குடும்பத்திலிருந்து குண்டான் நிறையக் கேக். நான் கொடுக்காத இரண்டு டப்பாக்கள்கூட வந்து சேர்ந்தன, யாரோ ஒரு புண்ணியவதியின் பெயரோடு. இப்போது அவற்றையும் நிரப்பித் திருப்ப வேண்டும்! பேஸ்மென்ட் காலியாகவில்லை, ஃபிரிட்ஜ்தான் நிறைந்தது. கணவருக்கு பேன்ட் பட்டன் போட முடியவில்லை.

அந்த வார இறுதியில் வந்த மகள் ஃபிரிட்ஜைத் திறந்ததும் பதறிவிட்டாள்.

"அம்மா! டிட் சம்படி டை?"

"யாரும் சாகல. செத்தா என்ன ஆகும்னு ஏற்பாடு பண்ணேன், இப்படி ஆயிடுச்சு."

கதையைக் கேட்டு, தூக்கைக் கையில் பிடித்து நின்றபடியே புளியோதரையைத் தின்றுகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு தின்பதை நிறுத்தினாள்.

"ஸோ, உன் பாத்திரம் அவங்க கிட்ட இருந்தா, தே ஹேவ் டு கம் பேக்?"

"வராம இருப்பாங்களா?"

"நீ இல்லேன்னாலும்?"

"இல்லேன்னா உன்கிட்டதான் கொண்டுவந்து குடுப்பாங்க."

அவள் தூக்கை மூடி மேடைமேல் வைத்தாள். "தென் கிவ் தெம் எவ்ரிதிங், அம்மா" என்றாள். "அப்பவும் யாராவது பெல் அடிக்கணும்."

நான் பாத்திரத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளோ, நான் போன பிறகு வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையிலேயே ரவையை வறுத்தேன். இருப்பதிலேயே பெரிய அடுக்கை நிரப்பிக்கொண்டு பக்கத்துத் தெரு சிநேகிதி வீட்டுக்குப் போனேன். வைத்துக்கொள்ளுங்கள் என்று இந்த முறை சொல்லவில்லை.

"மெதுவா திருப்பிக் குடுங்க" என்றேன். "அவசரமே இல்ல."