சின்சில்லாவுக்குத் துணை தேடியது

பெங்களூருக்கு வேலைக்குப் போன மகள், தன் சின்சில்லாவை எங்கள் குவார்ட்டர்ஸில் விட்டுப் போனாள். அணில் வாலும் எலி முகமுமாக இருக்கும் அந்தப் பெண் பிராணிக்கு வெயில் ஆகாது. அதனால் ஏசி அறை அதற்கு. நானும் மனைவியும் கூடத்தில் ஃபேனுக்கடியில்.

"தனியா ஏங்கிகினு கெடக்குதுங்க, ஒரு முயல உடுங்க," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். முயலைக் கூண்டில் விட்டதும் சின்சில்லா பின்னங்காலில் எழுந்து நின்று மூத்திரத்தைப் பீய்ச்சியது. முயல் விலகிக்கொண்டது. ஷிஃப்டுக்குக் கிளம்பி நின்ற என் சட்டைதான் நனைந்தது. யோசனை சொன்னவர் வீட்டுக்கே முயலை அனுப்பிவைத்தேன்.

"அது அதோட இனத்தோடதான்ப்பா சேரும்," என்று போனில் திட்டிய மகள், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பெண் சின்சில்லாவோடு வந்தாள். "ரெண்டு கூண்டையும் பக்கத்துல வச்சு மொதல்ல பழக விடுங்க."

"எனக்கு மாப்ள பாத்தப்ப இவ்ளோ டைம் குடுக்கலியே," என்றாள் மனைவி.

மூன்றாம் வாரம் இரண்டும் கம்பிக்கு இருபுறமும் ஒட்டிப் படுத்துத் தூங்கின. பயந்துகொண்டே இரண்டு கூண்டுக் கதவுகளையும் திறந்தேன். புதியது நுழைந்து, பழையதின் காதோர மயிரைக் கோதத் தொடங்கியது. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று முழுக்க அவள் அங்கிருந்து நகரவில்லை. எனக்கு மோர்ச்சோறும் ஊறுகாயும்தான்.