தென்னைகளை எண்ணியவன்: யூனியன்விலில் இருந்து அஜக்ஸுக்கு ஒரு சனிக்கிழமை

கடந்த ஒக்ரோபரின் மூன்றாம் சனிக்கிழமை யூனியன்விலில் இருந்து அஜக்ஸுக்குப் போய் வந்தேன். காரில் போனால் ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீற்றர், நெரிசல் இல்லாவிட்டால் அரை மணித்தியாலம். எனக்கு எழுபத்திரண்டு வயது. 401 நெடுஞ்சாலையில் ஓட்டப் பயம். பிள்ளைகளைக் கேட்கவும் தயக்கம். ஆகவே ரயிலில் நகரின் நடுப்பகுதிவரை போய், அங்கிருந்து இன்னொரு ரயிலில் கிழக்கே போனேன். என்னைப்போல் கார் ஓட்டத் தயங்குபவர்களுக்காகத்தான் இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறேன். இந்த முறை வழியை மட்டும் எழுதிவிட்டு, போன காரியத்தை மறைத்தால் சரியாகாது. எழுதுவதா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன்.

என்னை வரச் சொன்னவர் பேரின்பம் அண்ணை. கனடா வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் இரண்டு அறை வீடொன்றில் ஏழு பேராக இருந்தோம். அதில் மூத்தவர் அவர். ஊரில் அவருடைய வீட்டையும் வளவையும் இராணுவ முகாமுக்கென்று எடுத்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இப்போது ஒரு பகுதியை விடப்போகிறார்கள் என்று பேச்சு. எல்லையைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். மருமகன் மேலிருந்து எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தான்.

"நேசன், உனக்குத்தான் உந்தப் படங்கள் பாக்கத் தெரியும். வந்து எங்கட வளவு எதெண்டு காட்டித் தா," என்று தொலைபேசியில் சொன்னார்.

எனக்குத் தெரியும்தான். நாற்பது வருடமாக நிலப் படங்களைப் பார்த்துக் கட்டுமானச் செலவு மதிப்பிடுவது என் தொழில்.

வார இறுதி நாளொன்றுக்குப் பத்து டொலர் பாஸ் வாங்கினால் அன்று முழுவதும் 'கோ' என்கிற புறநகர் ரயிலில் எத்தனை முறையும் ஏறலாம். முதல் நாளே கைத்தொலைபேசியில் வாங்கிவிட்டேன். யூனியன்விலில் 9.08க்கு ஏறினேன், நகர நடுவிலுள்ள யூனியன் நிலையத்தில் 9.52க்கு இறங்கினேன். மாறுவதற்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. எந்த மேடை என்பது ரயில் வரச் சற்று முன்னர்தான் பலகையில் விழும். அதுவரை பதற்றப்பட வேண்டாம். நான் பதறினேன். அஜக்ஸ் ரயில் 10.17க்கு. மேல்தட்டில் வலப்பக்க ஜன்னலோரம் இருங்கள். றூஜ் ஹில் பக்கம் வரும்போது ஏரி தண்டவாளத்துக்கு மிக அருகில் வந்துவிடும்.

நான் ஏரியைச் சரியாகப் பார்க்கவில்லை. பையில் கையொப்பமிட வேண்டிய ஒரு தாள் இருந்தது. திங்கட்கிழமை காலைக்குள் அனுப்ப வேண்டும்.

ஓய்வுபெற்ற பின்னும் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை செய்து வந்தேன். இந்த வருடம் வந்த வேலை, ஒரு சிறிய தீவு நாட்டின் படைத்தளங்களைத் திருத்தி, புதிதாகப் பயிற்சிக் களம் ஒன்று அமைப்பதற்கான ஐந்து வருடத் திட்டம். நாட்டின் பெயரை எழுத ஒப்பந்தம் இடம் தராது. கொஞ்சப் பணம் அவர்களுடைய வரவுசெலவுத் திட்டத்திலிருந்து, மிகுதி இன்னொரு நாட்டின் கடன். படையினர் தங்குமிடம், தண்ணீர்த் தாங்கி, வீதி, சுட்டுப் பழகும் திடல் என்று ஒவ்வொன்றுக்கும் செலவு எழுதியது நான். பயிற்சிக் களத்துக்கு மூன்று இடங்கள் பார்த்தார்கள். ஒன்று சதுப்பு, ஒன்று மலைச்சரிவு, மூன்றாவது கடலோரச் சமநிலம். கடன் தருகிற நாடு மக்களை எழுப்பி வேறிடத்தில் குடியேற்றும் செலவைத் தராது. வந்த விபரத்தில் மூன்றாவது நிலத்துக்கு நேரே 'ஆளில்லாத பற்றைக்காடு' என்றிருந்தது. நானும் அப்படியே எழுதி, குடியேற்றச் செலவுக்கு நேரே பூச்சியம் போட்டேன். மூன்றிலும் அதுவே மலிவு என்று வந்தது.

அந்த இடத்தின் செய்மதிப் படத்தை நான் பார்த்திருந்தேன். பார்த்தபின்தான் எழுதினேன்.

அஜக்ஸ் நிலையத்தில் 11.04. அங்கிருந்து அண்ணை வீட்டுக்கு நான்கு கிலோமீற்றர், ரக்சிக்குப் பதினான்கு டொலர். ஓட்டியவர் நம்மவர்.

"அங்கிள், பிள்ளையள் கொண்டந்து விடேல்லையோ?"

"நான் கேக்கேல்லை."

"கேட்டாத்தானே அங்கிள் விடுவினம்! வாய் திறக்காமல் இருந்தா ஆருக்குத் தெரியும்?" என்று சிரித்தார். சில்லறையை வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அண்ணை படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிதாக அச்சடித்துச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தார். நான்கு மூலைக்கும் ஊறுகாய்ப் போத்தல். அவருடைய மனைவி ராணி அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"உதில என்னத்தைக் காணுறது? முழுக்கப் பத்தை. வீடுமில்லை, மதிலுமில்லை. இவர் ரெண்டு நாளாப் பாத்து, கடைசியில ஆற்றையோ கக்கூசை எங்கட வீடெண்டு காட்டினவர்."

"கதையாத, அவன் பாக்கட்டும்," என்றார் அண்ணை.

இருபது நிமிடம் எடுத்தது. முகாமுக்குப் போட்ட வீதி வளவுகளைக் குறுக்கே வெட்டியிருந்தது. பற்றைக்குள்ளே இருண்ட புள்ளிகள். அளவுகோலை வைத்துப் பார்த்தேன்.

"அண்ணை, இஞ்ச பாருங்கோ. ஒரு நேரில ஒன்பது தென்னை. பக்கத்தில இன்னொரு ஒன்பது. நடுவில வட்டமாத் தெரியிறது கிணறு."

அண்ணை விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். "ஓம். ஓம். நானும் தம்பியும் கயிறு பிடிச்சு வைச்சது. ராணி, இஞ்ச வா, உது எங்கட கிணறு!"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். அந்த இடத்தை மெல்லத் தடவிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

"முகாமுக்கு எடுக்கேக்க கடுதாசியில என்ன போட்டவங்கள் தெரியுமே?" என்றார் அண்ணை. "ஆளில்லாத பத்தைக்காடாம். தென்னை என்ன தானா நடந்து வந்து லைன்ல நிண்டதோ? எழுதினவன் ஆரோ உன்னைப்போலப் படிச்சவன்தான், நேசன்."

"அவனை ஏனப்பா உதுக்குள்ள இழுக்கிறியள்?" என்று அடுப்படியிலிருந்து அக்கா சத்தம் போட்டார். அண்ணை சிரித்தார்.

நானும் சிரித்திருந்தால் அந்த நாள் நன்றாக முடிந்திருக்கும். துணிவால் நான் சொல்லவில்லை. அவர் என் முதுகில் தட்டி, "நீயெல்லோ எங்கட ஆள்," என்றபோது தாங்க முடியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. தீவு நாடு, பயிற்சிக் களம், பூச்சியம், பையிலிருந்த தாள் எல்லாவற்றையும் சொன்னேன். பகிடி என்று நினைத்து முதலில் சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு கதிரையை இழுத்து இருந்தார்.

"படத்தில மரம் நிண்டதோ?"

"நிண்டது."

"லைன்லயோ?"

"பதினொரு வரிசை."

"வரிசைக்கு?"

"பதினாலு. கடைசி வரிசையில ரெண்டு குறைய."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது.

"எண்ணினனீ," என்றார். குரலை உயர்த்தவில்லை. "எண்ணிப்போட்டு எழுதினனீ."

வாடிக்கையாளர் தந்த விபரம், நிலத்தை நேரில் பார்க்கக் காசு ஒதுக்கவில்லை, கேள்வி கேட்டால் வேலை பிந்தும் என்றெல்லாம் பதில்கள் என்னிடம் இருந்தன. அளவுகோலை எடுத்துப் பைக்குள் வைத்தேன். அதை எழுதும்போது, வேலைக்கு ஆள் மாற்றிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. எழுபத்திரண்டு வயதில் அந்த வேலை போனால் எனக்கு என்ன நட்டம்?

சோறு, மீன் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல். மூன்று பேரும் சாப்பிட்டோம். வழக்கமாக அண்ணைதான் காரில் கொண்டுவந்து நிலையத்தில் விடுவார். அன்று, "ரக்சிக்கு ஃபோன் அடிக்கிறன்," என்றார். அக்கா குழம்பைப் போத்தலில் ஊற்றித் தந்தார். நான் 3.04 ரயிலில் ஏறினேன். திரும்பும்போது ஏரி இடப்பக்கம் வரும்.

ஞாயிறு முழுவதும் மேசையில் இருந்தேன். 'ஆளில்லாத பற்றைக்காடு' என்ற வரியை மாற்றி, 'வரிசையாக நடப்பட்ட தென்னைகள் தெரிகின்றன, ஆட்கள் இருக்கக்கூடும், நேரில் பார்க்காமல் செலவு சொல்ல முடியாது' என்று எழுதினேன். பூச்சியத்தை அழித்தேன். இனி மூன்றாவது நிலம் மலிவு என்று சொல்ல வழியில்லை. அந்தத் தாளில் கையொப்பமிட்டு, காரணத்தையும் எழுதி அனுப்பினேன். திங்கள் மத்தியானம் முகாமையாளரிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. என் கவலையைக் குறித்துக்கொண்டாராம். நிறுவனத்திடம் இருக்கும் பழைய தாளில் வேறொருவரும் கையொப்பமிடலாமாம். அதன் பின்னர் எனக்கு வேலை எதுவும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அண்ணையை அழைத்துச் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"எந்தத் தாள் போனது?"

"தெரியேல்லை அண்ணை."

"கேக்கேல்லையோ?"

"இன்னும் இல்லை."

"கேட்டு அறிஞ்சுகொண்டு வா," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

இந்தப் பயணம் பற்றிய குறிப்புகள் இவை. வார இறுதியில் போங்கள், ரயில் செலவு பத்து டொலரில் முடியும். வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு இரண்டே முக்கால் மணித்தியாலம் வையுங்கள். நேர அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும், முதல் நாள் பாருங்கள். கழிப்பறை ரயிலிலேயே உண்டு. அஜக்ஸ் நிலையத்தில் ரக்சிக்குக் காத்திருக்கும் இடத்தில் காற்று அதிகம், தொப்பி கொண்டுபோங்கள். குழம்பு தந்தால் வாங்குங்கள், ஆனால் மூடியை நீங்களே இன்னொரு முறை இறுக்குங்கள். அண்ணை படித்தவன் என்று சொன்ன அந்த ஆளைப்போல் நீங்களும் மேசையில் இருந்து வேலை செய்பவராக இருந்தால், படத்தில் எண்ணியதைத் தாளிலும் எழுதுங்கள். அன்றைக்கே எழுதுங்கள்.

நிறுவனத்துக்கு மூன்று முறை தொலைபேசி எடுத்தேன். இரண்டு முறை மணி அடிக்க முன்னரே வைத்துவிட்டேன். மூன்றாம் முறை பேசினேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். நாளை காலை ஒன்பது மணிக்குத் திரும்பவும் எடுக்க வேண்டும். அண்ணையிடம் பதிலோடு போவதற்கான சனிக்கிழமைப் பாஸை நான் இன்னும் வாங்கவில்லை.