இருவருக்கும் சேர்த்துச் சொன்ன பதில்

மாகறல் துணை சுகாதார நிலையத்தில் அம்சாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நர்சம்மாதான். பதினாறு வருடமாகக் கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டாள், பிறந்த குழந்தைகளுக்கு எடை பார்த்தாள், பாலூட்டுகிற பெண்களிடம் "வாய்க்கு ருசியா நல்லா சாப்புடுமா" என்று சொல்லிவந்தாள். 2008-ல் அவளுக்கு நாற்பத்தோரு வயது, நூற்றுப் பதினெட்டு கிலோ. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. சர்க்கரை எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. துபாயில் வேலை பார்த்த தம்பி சிட்டிபாபுதான், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், ஆபரேஷன் செய்துகொள் என்று ஒற்றைக்காலில் நின்றான். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில், இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு முன் பதினான்கு நாள் வெறும் திரவம். டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். குண்டானவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு ஏறி வீங்கி, இரைப்பையின் மேல் கவிழ்ந்து கிடக்கும். அதைத் தூக்கினால்தான் கருவி உள்ளே போகும். வீங்கிய கல்லீரலைத் தூக்கினால் கிழியும். சோறும் மாவும் இல்லாமல் இரண்டு வாரம் இருந்தால் சுருங்கிவிடும். "ஒரு வாய் சோறுன்னாலும் என்கிட்ட சொல்லிடணும். தேதியத் தள்ளிப் போட்டுடலாம்" என்றார்.

வெளியே டயட்டீஷியன் அறையில் அதே காகிதத்தோடு உட்கார்ந்திருந்தாள் தாரா. சின்னக் காஞ்சிபுரம், மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர், முப்பத்து நாலு வயது. பத்து வருடமாகக் குழந்தை இல்லை. எடை குறையாமல் வைத்தியம் தொடங்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். அவளுக்கு ஆபரேஷன் புதன்கிழமை, அம்சாவுக்கு வியாழக்கிழமை. திரும்பும் பஸ்ஸில் மூவர் உட்காரும் சீட்டை இருவரும் நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நின்றுகொண்டிருந்தவர்கள் முறைத்தார்கள். தாரா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "பழகிடுத்துக்கா" என்றாள். காஞ்சிபுரத்தில் பூக்கடைச் சத்திரம் ஸ்டாப் வருவதற்குள் போன் நம்பரை மாற்றிக்கொண்டார்கள்.

முதல் இரண்டு நாள் ஓடிவிட்டது. மூன்றாம் நாள் அம்சாவுக்குத் தலை பிளந்தது. வெண்ணெய் எடுத்த பாலில் புரோட்டீன் பொடி, தெளிந்த மோர், வடிகட்டிய கோழிச் சாறு. குடித்த அரை மணியில் வயிறு மறுபடி காந்தியது. பசியைக்கூடத் தாங்கினாள், மெல்லுவதற்கு எதுவும் இல்லாததைத்தான் தாங்க முடியவில்லை. பல் தினவெடுத்தது. ஓரிக்கையில் தடுப்பூசி முகாமில் உட்கார்ந்தவள், தன்னை அறியாமல் முந்தானை நுனியை மென்றுகொண்டிருந்தாள். ஒரு தாய் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆறாம் நாள் மகள் அபி எதிரில் உட்கார்ந்து சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தாள். அந்தச் சத்தம்தான். அம்சா எழுந்து பளாரென்று அறைந்தாள். பதினேழு வயதுப் பெண், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, சொன்னா உள்ள போயிருப்பேன்ல" என்று மட்டும் சொன்னாள். ஸ்கூல் வேன் ஓட்டும் புருஷன் மணிவண்ணன் அன்று முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டில், நின்றபடியே சாப்பிட்டான். அவன் வழித்துச் சாப்பிடும் சத்தம் கேட்காதபடி அம்சா டிவியைப் பெரிதாக வைத்தாள்.

தினமும் மாலை ஆறு மணிக்குத் தாரா பேசுவாள். என்ன குடித்தாய், வெளிக்குப் போனாயா, தலை சுற்றியதா என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. இந்தப் பேச்சைப் பேச இருவருக்கும் வேறு ஆளும் இல்லை.

பத்தாம் நாள் போன் வரவில்லை. பதினோராம் நாள் அம்சாவே கூப்பிட்டாள்.

"அக்கா, நான் சாப்ட்டுட்டேன்" என்றாள் தாரா. "இன்னிக்கு மட்டும் இல்லே. நாலு நாளா. தயிர் சாதம்."

அம்சா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். "டாக்டராண்ட சொல்லிடுமா. ஒரு வாரம் தள்ளிப் போடுவாங்க, அவ்ளோதான?"

"இன்னொரு வாரமா? என்னால முடியாதுக்கா. அவருக்கும் லீவு கிடைக்காது. இனிமே கண்டிப்பா இருந்துடறேன். நீங்க சொல்லிடாதேங்கோ."

"நான் எதுக்குமா சொல்லப் போறேன்."

மூன்று நாளில் சரியாகிவிடும் என்று அம்சா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நர்ஸாக இருந்தும் அப்படிச் சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை இருவரையும் ஒரே வார்டில் சேர்த்தார்கள். டயட்டீஷியன் பெண் அட்டையோடு வந்தபோது தாரா ஸ்கேன் எடுக்கப் போயிருந்தாள். "ரெண்டு பேரும் தினம் பேசிப்பீங்களாமே? ரெண்டு பேரும் ஒழுங்கா இருந்தீங்கதானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இருந்தோம் மேடம்" என்றாள் அம்சா.

அவள் டிக் அடித்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை காலை தாராவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மதியம் வரை வரவில்லை. கேட்டதற்கு, ஐசியூவில் இருக்கிறார், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்றார்கள். மறுநாள் அம்சாவை உள்ளே கொண்டுபோனார்கள். அவளுக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. சனிக்கிழமை, சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தவள், தாராவின் கணவர் ரங்கநாத் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கல்லீரல் கிழிந்துவிட்டதாம். வயிற்றைத் திறந்தும் ரத்தம் நிற்கவில்லையாம். காலையில் போய்விட்டாளாம். ஆயிரத்தில் ஒருவருக்கு இப்படி ஆகும் என்றார்களாம். அவர் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். தயிர் சாதத்தைப் பற்றி அம்சா அவரிடம் சொல்லவில்லை.

நாற்பது நாள் கழித்து சின்னக் காஞ்சிபுரம் போனாள். பதினெட்டு கிலோ இறங்கியிருந்தது. புடவை உடம்பில் நிற்கவில்லை. வாசலில் நின்று, உள்ளே போகலாமா கூடாதா என்று தயங்கினாள். தாராவின் அம்மா கோதா வந்து, "அம்சாதானே? வாம்மா, உள்ள வா" என்றாள்.

கூடத்தில் உட்கார்ந்ததும் கோதாவே பேசினாள். "ஒரு வாரம் பொறுத்துண்டேன். ராத்திரி தண்ணியக் குடிச்சுட்டு அழறா. பெத்தவளுக்குப் பாத்துண்டு இருக்க முடியலே. தயிர் சாதத்தப் பிசைஞ்சு வாயில ஊட்டினேன். குழந்தை மாதிரி வாங்கிண்டா. மாப்பிள்ளைக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

அம்சாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய அந்தக் கணமே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. அழுதுகொண்டிருக்கும் ஒரு தாயின் முன்னால் உட்கார்ந்து, பழி நம்முடையது இல்லை என்று சந்தோஷப்படுகிறோமே!

"எனக்குத் தெரியும்மா" என்றாள். "தாரா போன்ல சொல்லிச்சு. ஆஸ்பத்திரில என்னாண்ட கேட்டாங்க, ரெண்டு பேரும் ஒழுங்கா இருந்தீங்களான்னு. இருந்தோம்னு சொல்லிட்டேன்."

கோதா அவளையே பார்த்தாள். "இல்லேன்னு சொல்லிருந்தா?"

"தேதியத் தள்ளிப் போட்டிருப்பாங்க."

தெருவில் பாத்திரக்காரன் கூவிக்கொண்டு போனான். அந்தக் குரல் தெருக்கோடியில் தேய்ந்ததும் கோதா எழுந்தாள்.

"ஒன் மேல கோவம் இல்லேம்மா. நானே பாதகத்தி, நான் யாரக் கோச்சுக்கறது? ஆனா இனிமே இங்க வராதே. நீ எளைச்சிருக்கறதப் பாத்தா, இவளும் இப்படித்தானே எளைச்சிருப்பான்னு தோணறது. நேக்குத் தாங்கலே."

அம்சா படியிறங்கி வந்தாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்குப் போகவில்லை.

அடுத்த வருடம் அவளுக்குக் கூரத்துக்கு மாற்றல் வந்தது. எடை எழுபத்து நாலில் நின்றது. சர்க்கரை மாத்திரை பாதியானது. வீடு வீடாக ஏறி இறங்க முடிந்தது. நாலு வாய்க்கு மேல் சாப்பிட்டால் வாந்தி வரும். அபிக்கு வேலூரில் நர்சிங் சீட் கிடைத்தது. எப்படி நர்சம்மா இப்படி இளைத்தீர்கள் என்று கேட்கும் பெண்களிடம் சர்க்கரை வியாதி என்று சொல்லிவிடுவாள். மணிவண்ணனிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "நீ சொல்லியிருந்தாலும் ஆவறது ஆயிருக்கும்" என்றான்.

"ஆயிருக்காதுய்யா" என்றாள் அம்சா.