இரண்டு சின்ன ஹாரன்

நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளன். இருபத்திரண்டு வருடமாக, சாட்சிகள் சொல்வதை அப்படியே எழுதுவதுதான் வேலை. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எனக்கு நடந்ததையும் அப்படித்தான் இங்கே எழுதுகிறேன். நம்புவது உங்கள் விருப்பம். நேரங்களை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ரயில்களைப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. ஊருக்கு வெளியே, ஆறு வளைகிற இடத்தில், தண்டவாளம் கரையை ஒட்டியே வந்து ஒரு இரும்புப் பாலத்தில் ஏறும். பாலத்துக்கு ஐம்பதடி முன்னால் ஒரு பழைய சிமெண்ட் மேடை இருக்கிறது. அதில் நின்றால் ஓட்டுநரின் முகம்கூடத் தெரியும். அப்படித் தெரிந்த முகங்களில் ஒன்று என் அண்ணனுடையது.

ஆறு வருடமாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அம்மா இறந்த அன்று அவன் வண்டியில் இருந்தான். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "உன் வண்டியையே கட்டிக்கிட்டு அழு" என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னேன். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே திரும்பிப் போனான்.

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை, மாலை 5.47 வண்டியை அவன் ஓட்டி வந்தான். என்னைப் பார்த்துவிட்டான். யோசிக்காமல் கையைத் தூக்கினேன். பாம்... பாம்... இரண்டு சின்ன ஹாரன். அவ்வளவுதான். அதிலிருந்து எல்லாப் புதன்கிழமையும் இதுதான். நான் கை தூக்குவேன், அவன் ஹாரன் அடிப்பான். ஒருநாளும் கையை வெளியே நீட்டியதில்லை. ஜன்னலில் முழங்கை தெரியும். வியர்வை துடைக்க மணிக்கட்டில் கட்டியிருக்கும் வெள்ளைக் கைக்குட்டை தெரியும்.

அண்ணி மட்டும் என்னிடம் போனில் பேசுவார்.

"ஆறு வருஷமா ஹாரன்லயே குடும்பம் நடத்துறீங்க ரெண்டு பேரும். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"அவன் முதல்ல பேசட்டும் அண்ணி."

"இங்கயும் அதே பாட்டுதான். மாசக் கடைசியில ரிட்டையர் ஆகுறாரு தம்பி. இன்னும் ரெண்டே புதன்கிழமை. அப்புறம் ஹாரனும் கிடையாது, பார்த்துக்குங்க."

அன்றுதான் முடிவு செய்தேன். அவன் ஓட்டிவரும் இன்ஜினை நல்லதாக ஒரு படம் எடுப்பது. கண்ணாடிச் சட்டம் போட்டு, கடைசி நாளில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது. பேச்சை அந்தப் படம் தொடங்கிவைக்கும் என்று ஒரு நம்பிக்கை.

ஓடுகிற வண்டியை எடுக்க ஒரு முறை உண்டு. ஷட்டரை மெதுவாக வைத்து, வண்டி போகும் வேகத்திலேயே கேமராவையும் திருப்பிக்கொண்டு வரவேண்டும். வண்டி தெளிவாக விழும், பின்னால் இருப்பதெல்லாம் கோடு கோடாக இழுபடும். இதற்கு இரண்டு கையும் கேமராவில் இருக்க வேண்டும். கண்ணையும் எடுக்கக் கூடாது.

அந்தப் புதன்கிழமை தூறல் விட்டிருந்தது. 5.30க்கு மேடையில் ஏறினேன். பாலத்துக் கம்பியில் வழக்கம்போலக் கொக்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வண்டி வருவதற்கு ஒரு நிமிடம் முன்பே தண்டவாளம் கிணுகிணுக்கும். அதைக் கேட்டதும் அவை பறந்துவிடும்.

5.46. கிணுகிணுப்பு இல்லை.

5.47. வளைவில் இன்ஜின் திரும்பியது.

கேமராவைக் கண்ணில் வைத்தேன். திருப்பத் தொடங்கினேன். ஜன்னலில் அண்ணன். இந்த முறை முழங்கை மட்டும் இல்லை... கையை முழுதாக வெளியே நீட்டியிருந்தான். மேலே தூக்கியிருந்தான். வெள்ளைக் கைக்குட்டை.

ஹாரன் இல்லை.

அவன்தான் முதலில் கை தூக்கினான். நான் தூக்கவில்லை. இரண்டு கையும் கேமராவில் இருந்தன.

கிளிக்.

அந்தச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ரயில் போகும்போது ஷட்டர் சத்தம் கேட்கவே கேட்காது.

கண்ணை எடுத்தேன். பாலம் காலியாக இருந்தது.

கொக்குகள் அப்படியே உட்கார்ந்திருந்தன... ஒன்றுகூடப் பறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவினேன். 6.25க்கு போன்.

"தம்பி... ஆஸ்பத்திரிக்கு வாங்க. அண்ணன் போயிட்டாரு."

"எப்ப?"

"நாலு அம்பதுக்கே. வண்டியிலயே நெஞ்சு வலியாம். இறக்கி ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார வெச்சாங்களாம்... அங்கயே."

எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. 6.55க்கு ஆஸ்பத்திரி. அவன் மணிக்கட்டில் கைக்குட்டை அப்படியே இருந்தது. ஒரு தாளில் கையெழுத்து கேட்டார்கள். அண்ணி தாளை என் பக்கம் தள்ளினார். நான் போட்டேன். பழக்கம், பக்கத்தில் நேரத்தையும் எழுதினேன். 7.12.

மறுநாள் காலையில் படத்தைப் பார்த்தேன். பாலம், மரங்கள், ஆறு எல்லாம் கோடு கோடாக இழுபட்டிருந்தன. கேமரா எதையோ பின்தொடர்ந்து திரும்பியிருக்கிறது. இன்ஜின் இருக்க வேண்டிய இடத்திலும் ஆறுதான். மூலையில் நேரம், 5.47. யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் அண்ணன் வீட்டுக்கு ஒருவர் வந்தார். அன்று பாதி வழியில் வண்டியை ஏற்றுக்கொண்ட மாற்று ஓட்டுநர். கையில் அண்ணனுடைய ஃபிளாஸ்க்.

"இன்ஜின்ல இருந்துச்சு சார். நான் அவரைப் பார்த்ததுகூட இல்ல. நான் வர்றதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க. அவரோட வந்த அசிஸ்டென்ட் டிரைவர்தான் விஷயத்தைச் சொன்னாரு."

"என்ன விஷயம்?"

"ஆத்துப் பாலத்துல ரெண்டு ஹாரன் அடிக்கணும், தம்பி நிப்பான்னு சொன்னாராம். நினைவு தப்புறதுக்கு முன்னாடி அது ஒண்ணுதான் சொன்னாராம்."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் ஃபிளாஸ்க்கைப் பார்த்தேன்.

"அடிச்சீங்களா?"

"அடிக்காம? நீங்ககூடக் கை தூக்கினீங்களே சார்."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு பன்னிரண்டு. வண்டி லேட்டு, அதனால குறிச்சு வெச்சேன். நல்ல இருட்டு. மேடை மேல நின்னீங்க, லைட் வெளிச்சத்துல பார்த்தேன். நான் பாலத்துல ஏறுற வரைக்கும் கையை இறக்கவே இல்ல."

ஃபிளாஸ்க்கை வாங்கக் கையை நீட்டினேன்.

அவர் குனிந்து என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"வெள்ளைத் துணி சுத்தியிருந்தீங்க... காயம் ஆறிடுச்சா சார்?"

"ஆறிடுச்சு" என்றேன்.